கோமாளி மோட்டலில் தங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாளாவது காரைப் பாலைவனத்துப் பக்கம் திருப்பிவிடுவது என் வழக்கம். லாஸ் வேகஸ் பார்த்தாயிற்று, கிராண்ட் கேன்யன் பார்த்தாயிற்று, அப்புறம் என்ன என்று கேட்பவர்களுக்கு நெவாடா, கலிபோர்னியா, அரிசோனா நெடுஞ்சாலை ஓரங்களில் இருக்கும் விசித்திரமான பழைய மோட்டல்களைக் காட்டுவேன். வரப்போகிறவர்கள், வந்து தங்கியவர்கள், தங்கிவிட்டு என்னைத் திட்டியவர்கள் எல்லாரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

மோட்டல்னா நம்ம ஊர் லாட்ஜ்தானே? எதுக்கு வேற பேரு?

லாட்ஜ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும். மோட்டல் காரில் வருகிறவருக்காகக் கட்டியது. அறைக் கதவைத் திறந்தால் வராந்தா, வராந்தாவைத் தாண்டினால் உங்கள் கார். நடுவில் லிஃப்டோ நீளமான நடையோ கிடையாது. சாவியை வாங்கிவிட்டால் யார் கண்ணிலும் படாமல் வந்து, யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பேய்க் கேள்வி வரும்போது தேவைப்படும்.

1925 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் ‘மைல்ஸ்டோன் மோ-டெல்’ என்று ஒன்றைத் திறந்தார். மோட்டார், ஹோட்டல் இரண்டையும் ஒட்டிச் செய்த பெயர். இரவுக்கு ஒன்றே கால் டாலர். லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்ததால், அந்தக் காலத்துக் காரில் ஒரே நாளில் போய்ச் சேர முடியாதவர்கள் அங்கே இறங்கினார்கள். நம் ஊரில் இதற்கு ஈடு சொல்வதென்றால் லாட்ஜைவிட முசாபரி பங்களாதான் பொருத்தம்: ஊருக்கு வெளியே, சாலையோரத்தில், ஒரு வாட்ச்மேனும் ஒரு புளியமரமும் ஒரு கதையுமாக.

ஏன் சார் எல்லாமே ஆள் செத்த வீடு மாதிரி இருக்கு?

உண்மையில் செத்தது அந்தச் சாலைதான். சிகாகோவிலிருந்து சான்டா மோனிகா வரை போகும் 66ஆம் நெடுஞ்சாலை 1926இல் வந்தது. அது ஒவ்வொரு சிற்றூருக்குள்ளும் புகுந்து புறப்பட்டது. ஊருக்கு ஊர் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, மோட்டல், கண்ணைப் பறிக்கும் நியான் பலகை. 1956இல் அதிபர் ஐசன்ஹோவர் காலத்துச் சட்டம் ஒன்று நாடெங்கும் பெரிய அதிவேகச் சாலைகளைக் கொண்டுவந்தது. புதுச் சாலை ஊருக்குள் நுழையாது, ஒதுங்கிப் போய்விடும். பைபாஸ் வந்தபின் பழைய பஜார் ஓட்டல்கள் என்ன ஆயின என்று நம் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். 1985இல் 66ஆம் நெடுஞ்சாலை என்ற எண்ணையே அதிகாரப்பூர்வமாக எடுத்துவிட்டார்கள்.

மோஹாவி பாலைவனத்தில் ஆம்பாய் என்ற இடத்துக்குப் போனால் இது கண்ணுக்கே தெரியும். ‘ராய்ஸ்’ என்று ஒரு பிரம்மாண்டமான பலகை, அதன் பின்னால் வரிசையாக வெள்ளைக் குடில்கள். 1970களின் தொடக்கத்தில் பக்கத்தில் புதுச் சாலை திறந்ததும் கார்கள் வருவது நின்றுபோயிற்று. இன்று அங்கே சோடா வாங்கலாம், போட்டோ எடுக்கலாம். தங்க முடியாது.

பிழைத்த மோட்டல்களுக்கு இருந்த வழிகள் அதிகமில்லை. வீடில்லாதவர்களுக்கு வார வாடகைக்கு விடுவது ஒன்று. வேறு எங்கும் இல்லாத விசித்திரம் ஒன்றைக் காட்டி, பெரிய சாலையில் போகிறவரை இறங்கிவரச் செய்வது இன்னொன்று. அதாவது, பேய்தான் இன்று பல மோட்டல்களுக்குச் சோறு போடுகிறது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

அண்ணா, அந்தக் கோமாளி மோட்டல் நிஜமாவே இருக்கா, இல்ல யாராவது போட்டோஷாப் பண்ணதா?

இருக்கிறது. நெவாடாவில் டோனோபா என்ற ஊர். லாஸ் வேகஸிலிருந்து 95ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 210 மைல். கடல் மட்டத்துக்குச் சுமார் 6,000 அடி மேலே. 1900இல் ஜிம் பட்லர் என்பவர் வெள்ளித் தாதுவைக் கண்டதால் எழுந்த ஊர் அது. ஓடிப்போன கழுதையை அடிக்கக் கல்லைக் கையில் எடுத்தாராம், கல் கனத்ததாம், பார்த்தால் வெள்ளியாம். அப்படித்தான் ஊரில் கதை சொல்கிறார்கள். இப்போது சுமார் 2,000 பேர் இருக்கிறார்கள்.

மோட்டலை 1985இல் லியோனா டேவிட், லெராய் டேவிட் என்ற உடன்பிறந்தவர்கள் தங்கள் தந்தை கிளாரன்ஸ் நினைவாகத் தொடங்கினார்கள். தந்தை சேர்த்துவைத்திருந்த சுமார் 150 கோமாளிப் பொம்மைகள்தாம் முதலீடு. இன்று வரவேற்பறை அலமாரிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தங்கியவர்களும் தங்காதவர்களும் பல நாடுகளிலிருந்து அனுப்பிவைத்தவை. பீங்கான், துணி, கண்ணாடி, ரப்பர், கூடவே ஆளுயரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒன்று. அறைகளிலும் கோமாளிப் படங்கள்தாம்.

நமக்குக் கோமாளி என்றால் தெருக்கூத்துக் கட்டியங்காரனும் சர்க்கஸ் பபூனும்தான். என் அம்மா அந்த வரவேற்பறையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே பிறந்த என் மகன் வாசலைத் தாண்டி உள்ளே வரவே மாட்டேன் என்றான். வர்ணம் பூசிய சிரிப்பு மாறுவதில்லை. உள்ளே இருக்கும் ஆள் கோபமாக இருக்கிறாரா, சிரிக்கிறாரா என்று அந்த முகத்தில் படிக்க முடியாது. அவன் பயம் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். அம்மாவோ கட்டியங்காரன் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர். பேசுகிற கோமாளியிடம் யாருக்குப் பயம்?

பக்கத்துலயே சுடுகாடாமே?

சுடுகாடு இல்லை, இடுகாடு. புதைக்கிற இடம். ஆமாம், கார் நிறுத்துமிடத்தை ஒட்டியே இருக்கிறது. நடுவில் ஒரு தெரு அகலம்கூடக் கிடையாது.

டோனோபாவின் பழைய இடுகாடு 1901 முதல் 1911 வரை பத்து ஆண்டுகள் மட்டுமே பயன்பட்டது. அதற்குள் சுமார் 300 பேர். 1902இல் இன்னதென்று யாருக்கும் பிடிபடாத ஒரு நோய் ஊரைப் பிடித்தது. சுரங்கத் தொழிலாளிகள் பொத் பொத்தென்று விழுந்தார்கள், பிழைத்தவர்களில் பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். 1911 பிப்ரவரி 23 அன்று பெல்மாண்ட் சுரங்கத்தில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். ‘பிக் பில்’ என்று கூப்பிடப்பட்ட மர்ஃபி என்ற இளைஞர் புகைக்குள் இறங்கி ஆட்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசி முறை இறங்கியவர் திரும்பவில்லை. சுரங்கக் கழிவு மண் சரிந்து கல்லறைகள் மீது வரத் தொடங்கியதால் அந்த ஆண்டே இடுகாட்டை மூடிவிட்டு வேறிடம் பார்த்தார்கள்.

மோட்டலைத் தொடங்கியவர்களின் தந்தையும் அங்கேதான் புதைக்கப்பட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது: 1911இல் மூடிய இடுகாட்டில் தந்தை இருக்கிறார் என்றால், 1985இல் மோட்டல் கட்டிய பிள்ளைகளுக்கு எழுபது தாண்டியிருக்க வேண்டும். முடியாததில்லை. ஆனால் இந்த மாதிரிக் கதைகளில் ஆண்டுகளை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது.

பகலில் போய்ப் பாருங்கள். மரப்பலகையும் தகர எழுத்துமாகக் கல்லறைகள், பலவற்றில் எதனால் இறந்தார் என்றும் எழுதியிருக்கும். நிமோனியா, சுரங்க விபத்து, துப்பாக்கிக் குண்டு. வயது பெரும்பாலும் இருபதுகள், முப்பதுகள். அதைப் படித்து முடித்தபின் பேய் என்ற சொல்லே கொஞ்சம் அற்பமாகத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

ராத்திரி அங்க படுத்தீங்களா? ஏதாவது பார்த்தீங்களா?

படுத்தோம். நவம்பர் மாதம், நல்ல காற்று. கட்டிலுக்கு நேர் எதிரே ஒரு கோமாளிப் படம். அது பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று என் மனைவி அதன்மேல் குளியல் துண்டைப் போட்டு மூடினார். இரவு இரண்டு மணிக்குத் துண்டு சரிந்து விழுந்தது. அந்த இருட்டில் அந்தச் சத்தத்துக்கு மூவரும் எழுந்து உட்கார்ந்தோம். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த அமானுஷ்யம் அவ்வளவுதான்.

தூக்கம் போனதால் வெளியே வந்து நின்றேன். சுற்றிலும் பல மைலுக்கு வேறு ஊர் வெளிச்சம் இல்லை. ஊர் எல்லையைத் தாண்டிப் பத்து நிமிடம் காரில் போனால் பால்வீதி மேகம் மாதிரித் தெரியும். நட்சத்திரம் பார்க்கவே டோனோபாவுக்கு வருகிறவர்கள் உண்டு. கோமாளிக்குப் பயந்து அறைக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, பேய் இருக்கா இல்லையா?

நான் பார்த்ததில்லை, நம்பவும் இல்லை. ஆனாலும் ஆளில்லாத அறைக்குள் நுழைவதற்கு முன் கதவைத் தட்டிவிட்டு நுழையச் சொல்லி என் பாட்டி பழக்கியிருக்கிறார். இன்றும் அப்படித்தான் நுழைகிறேன்.

அதே டோனோபாவில் மிஸ்பா என்று ஓர் ஐந்து மாடி ஹோட்டல் இருக்கிறது, 1907இல் திறந்தது. அங்கே ‘சிவப்பு உடைக்காரி’ உலவுவதாகச் சொல்கிறார்கள். பொறாமை பிடித்த காதலன் ஐந்தாம் மாடியில் கொன்றுவிட்டானாம், பிடித்த விருந்தாளியின் தலையணையில் முத்து ஒன்றை வைத்துவிட்டுப் போவாளாம். ஹோட்டல் பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்து 2011இல் மறுபடி திறந்தபோது அவளும் விளம்பரத்தோடு திரும்பிவந்தாள். ஹோட்டல் பேய்க்கு இப்படி உடையின் நிறம், மாடி, காதல் கதை எல்லாம் இருக்கும். மோட்டல் பேய்க்குப் பெயரே இருக்காது. கவனித்திருக்கிறீர்களா? முதல் கேள்வியில் சொன்னதுதான் காரணம்: மோட்டலில் யார் வந்தார், யார் போனார் என்று பார்த்தவர் இல்லை. 1957இல் அந்தக் காலத்து அமெரிக்காவின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவரான ஹோவர்ட் ஹியூஸ், ஜீன் பீட்டர்ஸ் என்ற நடிகையை ரகசியமாக மணந்துகொண்டது டோனோபாவில்தான். ஊரறிந்த முகம் இரண்டும் சத்தமில்லாமல் வந்து, வேறு பெயர் கொடுத்து, தாலி கட்டாத குறையாகக் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விட்டன.

அறிவியல் கேட்பவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், தான் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் தெரிவதும் உடல் சில்லிடுவதும் ஏன் என்று தேடினார். காதுக்குக் கேட்காத, சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒரு மின்விசிறியிலிருந்து வந்துகொண்டிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் போயிற்று. 1998இல் அதைக் கட்டுரையாக எழுதினார். எல்லாப் பேய்க்கும் இது விடையல்ல, மற்றவர்கள் செய்த சோதனைகளில் இப்படித் தெளிவாக வரவில்லை. ஆனால் பழைய மோட்டலின் சுவரில் பதித்த ஏசி நடுராத்திரியில் உறுமிக்கொண்டு கிளம்பும்போது எனக்கு இவர் ஞாபகம் வரும்.

குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? பயமில்லாததா ஒண்ணு சொல்லுங்களேன்.

அரிசோனாவில் ஹோல்புரூக் என்ற ஊரில் விக்வாம் மோட்டல். கான்கிரீட்டில் கட்டிய கூம்புக் கூடாரங்கள் 15, ஒவ்வொன்றும் ஒரு அறை, உள்ளே குளியலறையோடு. வாசலில் பழைய காலத்துக் கார்களை நிறுத்திவைத்திருப்பார்கள். குழந்தைகள் கொண்டாடும்.

கென்டக்கியைச் சேர்ந்த ஃபிராங்க் ரெட்ஃபோர்டு இந்த வடிவத்துக்கு 1936இல் காப்புரிமை வாங்கினார். மொத்தம் ஏழு இடங்களில் கட்டினார்கள், மூன்று மிஞ்சியிருக்கின்றன: கென்டக்கியின் கேவ் சிட்டி, ஹோல்புரூக், அப்புறம் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ. ஹோல்புரூக்கில் 1950இல் கட்டிய செஸ்டர் லூயிஸ் வரைபடத்துக்காகக் கொடுத்த விலை வேடிக்கையானது. அறையில் பத்து சென்ட் போட்டால் அரை மணி நேரம் பாடும் ரேடியோ, அதில் விழும் காசெல்லாம் ரெட்ஃபோர்டுக்கு. புதுச் சாலை வந்ததும் 1974இல் மூடியது, லூயிஸின் பிள்ளைகள் 1988இல் மறுபடி திறந்தார்கள்.

பெரிய பிள்ளையாக இருந்தால் இதையும் சொல்லுங்கள்: விக்வாம் என்பது வடகிழக்குப் பகுதிப் பழங்குடிகளின் குவிந்த குடிசை. இந்தக் கூம்பு வடிவம் சமவெளிப் பழங்குடிகளின் டிப்பி. இரண்டுக்கும் அரிசோனாவின் பூர்வகுடிகளுக்கும் சம்பந்தமே இல்லை. பெயரும் தப்பு, ஊரும் தப்பு. இருந்தும் அழகாக இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

மாப்பிள்ளை, அந்த வனாந்தரத்துல ஒத்தப் பொம்பளை ஓட்டல் வச்சு ஆடிக்கிட்டு இருந்தாங்களாமே, யாரு அவங்க?

மார்த்தா பெக்கெட், அத்தை. நியூயார்க்கில் நடனமாடிக்கொண்டிருந்தவர். 1967இல் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குக்கு (டெத் வேலி) சுற்றுலா வந்த இடத்தில் டயர் பஞ்சர். பழுதுபார்க்க டெத் வேலி ஜங்ஷன் என்ற கைவிடப்பட்ட ஊருக்கு வந்தார்கள். வெங்காரம் தோண்டிய கம்பெனி ஒன்று 1920களில் தன் ஆட்களுக்காகக் கட்டிய ஊர், கம்பெனி போனபின் காலி. கணவர் டயரோடு மல்லுக்கட்ட, இவர் பூட்டிக்கிடந்த மன்றத்தின் கதவு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே தூசி படிந்த ஒரு மேடை. மாதம் 45 டாலருக்கு வாடகை பேசிவிட்டார். அதுதான் அமர்கோசா ஓபரா ஹவுஸ், ஒட்டினாற்போலவே ஹோட்டல்.

1968 பிப்ரவரியில் முதல் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பல இரவுகளில் அதுவும் இல்லை. ஆகவே சுவரிலேயே ரசிகர்களை வரையத் தொடங்கினார்: ராஜா, ராணி, பிரபுக்கள், கன்னியாஸ்திரிகள், பழைய ஸ்பெயின் நாட்டுச் சபை ஒன்றே. சுவர் முடிய ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், பிறகு கூரை. நாற்காலிகள் காலியாக இருந்தாலும் மணி அடித்ததும் ஆடிவிடுவார். 2012 வரை மேடையேறினார், 2017இல் 92 வயதில் காலமானார். ஹோட்டலில் இப்போதும் தங்கலாம். அறையில் டிவி கிடையாது. கட்டடத்தின் ஒரு பகுதி சீர்செய்யப்படாமல் கிடப்பதால் பேய் தேடுகிறவர்கள் டார்ச்சோடு வருகிறார்கள். எனக்கு அங்கே சிலிர்த்தது அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான். அத்தனை வர்ணக் கண்களும் காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ரூம்ல யாராவது செத்திருந்தா முன்னாடியே சொல்லணும்னு சட்டம் இருக்கா?

கலிபோர்னியாவில் வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும், கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே மரணம் நேர்ந்திருந்தால் சொல்ல வேண்டும். நேரடியாகக் கேட்டால் அதற்கு முந்தைய மரணத்தைப் பற்றியும் பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது வீடு வாங்குபவரை, குடியேறுபவரை மனத்தில் வைத்து எழுதியது. ஓர் இரவுக்குச் சாவி வாங்குபவருக்கு யாரும் பட்டியல் படிக்கப்போவதில்லை.

நியூயார்க் மாநிலத்தில் 1991இல் ஒரு சுவையான தீர்ப்பு வந்தது. வீட்டை விற்ற அம்மையார் தன் வீட்டில் ஆவிகள் இருப்பதாகப் பத்திரிகைகளுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார், வாங்கியவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் அறிவித்தபின் இல்லை என்று சொல்ல முடியாது, சட்டத்தைப் பொறுத்தவரை அந்த வீட்டில் பேய் உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, ஒப்பந்தத்திலிருந்து விலக வாங்கியவருக்கு இடம் கொடுத்தது. வீட்டுக்காரருக்கு நட்டம் வைத்த அதே பேய், மோட்டல்காரருக்கு வாடகையை ஏற்றிக்கொடுக்கிறது.

ஓனர் எல்லாம் பட்டேலாமே? நம்ம ஆளுங்க பேய்க்குப் பயப்பட மாட்டாங்களா?

எல்லாரும் இல்லை, ஆனால் நிறையப் பேர். அமெரிக்க ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தங்கள் உறுப்பினர்களுடையவை என்று இந்திய வம்சாவளி ஹோட்டல்காரர்களின் சங்கம் சொல்கிறது. 1989இல் தொடங்கிய சங்கம் அது. 1940களில் கலிபோர்னியாவில் கான்ஜி மஞ்சு தேசாய் என்ற குஜராத்தி ஹோட்டல் எடுத்து நடத்தியதிலிருந்து இந்த வரிசை தொடங்குகிறது. 1970களில் பழைய சாலை மோட்டல்கள் அடிமாட்டு விலைக்கு வந்தபோது குஜராத்திலிருந்தும், இடி அமீன் 1972இல் துரத்திய உகாண்டாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவற்றை வாங்கின. வரவேற்பறைக்குப் பின்னாலேயே குடியிருப்பு, துணி துவைப்பதும் கணக்கு எழுதுவதும் குடும்பத்தார், வெளியாளுக்குச் சம்பளம் இல்லை. சான் பெர்னார்டினோ விக்வாம் இப்போது ஒரு பட்டேல் குடும்பத்திடம் இருக்கிறது. கோமாளி மோட்டலை 2019இல் வாங்கியவர்களும் இந்திய வம்சாவளியினரே.

பயம் பற்றி: ஒரு மோட்டலில், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, வரவேற்பறை மேசையில் பிள்ளையாரும் பின்னால் கதவு நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குவதைப் பார்த்தேன். எட்டாம் நம்பர் அறைக்கு மட்டும் பேய் உண்டு என்று வாசலில் ஒரு அட்டை. எலுமிச்சம்பழத்தைக் காட்டி, பேய் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு, “அது வாடகை கொடுக்கிற பேய்” என்றார்.

சைவம் கிடைக்குமா?

சுமாராக. மெக்சிகன் கடைகளில் பீன்ஸ் பரிட்டோ கிடைக்கும், ஆனால் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவோம். அறையில் குக்கர் வைத்துத் தாளிக்காதீர்கள். நான் ஒருமுறை கடுகு தாளித்து, புகை அலாரம் அலறி, பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். அபராதமும் கட்டினேன்.

பேயெல்லாம் சரி, நிஜமாவே பயப்பட வேண்டியது எது?

பெட்ரோல். டோனோபாவிலிருந்து கிழக்கே ஈலி ஊருக்குப் போகும் 6ஆம் நெடுஞ்சாலையில் 160 மைலுக்கு மேல் பங்க் கிடையாது. கைப்பேசியில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. பாதித் தொட்டிக்குக் கீழே முள் இறங்கும்போது நிரப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை முன்பே கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும்.

அடுத்தது வெயிலும் குளிரும். 1913 ஜூலையில் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் மிக உயர்ந்த வெப்பநிலையாக இன்றும் பட்டியலில் இருக்கிறது. கோடையில் கார் நின்றுபோனால் காரை விட்டு நடக்கவே கூடாது. டோனோபாவோ உயரத்தில் இருப்பதால் குளிர்கால இரவில் தண்ணீர் உறையும். ஒரே பயணத்தில் பனியனும் கம்பளியும் வேண்டியிருக்கும்.

மூன்றாவது மூட்டைப்பூச்சி. பழைய மோட்டல் என்றில்லை, நட்சத்திர ஹோட்டலிலும் வரும். உள்ளே போனதும் பெட்டியைக் குளியல் தொட்டிக்குள் வையுங்கள். மெத்தை விரிப்பை மூலையில் தூக்கி, தையல் ஓரத்தில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தனியா ஒரு பொண்ணு போய்த் தங்கலாமா அக்கா? உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டா சும்மா போம்மாங்கிறார்.

இந்தக் கேள்வி என் மனைவிக்கு வந்தது, பதிலும் அவருடையது. தங்கலாம், ஆனால் இருட்டுவதற்குள் போய்ச் சேர். இணையத்தில் சமீபத்தில் பெண்கள் எழுதிய கருத்துகளை மட்டும் தேடிப் படி. அறைக்கதவு நேராக வெளியே திறப்பதால் மாடி அறை கேள், வரவேற்பறைக்குப் பக்கத்தில் கேள். சாவி கொடுப்பவர் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேட்க உனக்கு உரிமை உண்டு. தாழ்ப்பாளும் சங்கிலியும் இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பெட்டியை இறக்குவதற்கு முன்பே பார். வேலை செய்யவில்லை என்றால் கோமாளி, கூடாரம், வரலாறு எதற்காகவும் அங்கே இருக்காதே.

பயந்து வரலை, ஆனா தூக்கமே வரலை. எனக்கு மட்டுமா?

எல்லாருக்கும்தான். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், புது இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட மேலோட்டமாகவே தூங்குகிறது என்று கண்டார்கள். காவல்காரன் மாதிரி ஒரு பாதி விழித்திருக்கிறது, புதுச் சத்தம் கேட்டால் உடனே எழுப்பிவிடுகிறது. அடுத்தடுத்த இரவுகளில் இது குறைந்துவிடுகிறது. மோட்டலில் இரண்டாம் இரவு தங்குகிறவர் குறைவு என்பதால், அங்கே பேய் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பாதி மூளையோடு பார்த்தவர்கள் என்பது என் கணக்கு.

அங்கிள், ஹோல்புரூக் பக்கத்துல இருந்து தம்பி ஒரு கல்லு எடுத்துட்டு வந்துட்டான். அதுல இருந்து வீட்ல எல்லாம் தப்புத் தப்பா நடக்குது. என்ன பண்றது?

ஹோல்புரூக்கை அடுத்துக் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்கா இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள் கல்லாகி, வெட்டிய கேக் போல வண்ணவண்ணமாகக் கிடக்கும். அங்கிருந்து ஒரு துண்டு எடுப்பதும் சட்டப்படி குற்றம். எடுத்தால் துரதிர்ஷ்டம் தொடரும் என்ற பேச்சும் பல காலமாக உண்டு. உங்களைப் போல ஏராளமானவர்கள் கல்லோடு மன்னிப்புக் கடிதம் வைத்துத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேலை போயிற்று, மனைவி போனாள், நாய் செத்தது என்று கடிதங்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அனுப்பினாலும் அது பழைய இடத்துக்குப் போகாது. எந்த இடத்தில் கிடந்தது என்பது ஆய்வுக்கு முக்கியம், அது தெரியாமல் வேறிடத்தில் போட்டால் கணக்குக் குழம்பிவிடும். ஆகவே திரும்பிவந்த கற்களை ஒரு தனிப் பாதையோரம் குவித்துவைத்திருக்கிறார்கள். அதற்கு ‘மனச்சாட்சிக் குவியல்’ என்றே பெயர். நல்ல பெட்டியில் போட்டுப் பூங்கா முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். தம்பியையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எடுத்தது தம்பிதானா என்று நான் கேட்கப்போவதில்லை.